ஒரகடத்தில் கணவர், சிறுசேரியில் நான்: எங்கே குடியேறுவது?

கேள்வி: சிறுசேரி வாசகி

அனைவருக்கும் வணக்கம். நானும் என் கணவரும் இப்போது சென்னை போரூரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். திருமணமான புதிதில் எனக்குக் கிண்டியிலும் அவருக்கு அம்பத்தூரிலும் வேலை இருந்ததால் அந்த இடம் இருவருக்கும் தோதாக இருந்தது. பிறகு இருவருமே வேலை மாறிவிட்டோம். என் அலுவலகம் சிறுசேரி சிப்காட்டில் இருக்கிறது. அவர் ஒரகடத்தில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரிகிறார். வீட்டு உரிமையாளர் மே மாத இறுதிக்குள் வீட்டைக் காலி செய்து தரும்படி கேட்டிருக்கிறார். ஜூன் மாதம் மகளை முதல் வகுப்பில் சேர்க்க வேண்டியிருப்பதால், இப்போது போகும் இடத்தில் குறைந்தது நான்கைந்து ஆண்டுகளாவது இருந்தாக வேண்டும்.

எனக்கு வாரத்தில் மூன்று நாட்கள் அலுவலகம், இரண்டு நாட்கள் வீட்டிலிருந்து வேலை. அவருக்கு வாரம் ஒரு ஷிப்ட் என்று மாறிக்கொண்டே இருக்கும்: காலை 6 மணி, பிற்பகல் 2 மணி, இரவு 10 மணி. அவருடைய தொழிற்சாலைப் பேருந்து தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர், படப்பை வழியாக ஒன்றும், பூந்தமல்லி வழியாக ஒன்றும் வருகிறது. என் அம்மா குரோம்பேட்டையில் இருக்கிறார். மகள் பள்ளியிலிருந்து திரும்பும் நேரத்துக்கு வந்து பார்த்துக்கொள்ளத் தயாராக இருக்கிறார். ஆனால் அவருக்கு மூட்டு வலி இருப்பதால் மாடிப்படி ஏற முடியாது.

கேளம்பாக்கம் பக்கம் போனால் எனக்குச் சுலபம், அவருக்குப் பெரும் பாடு. படப்பைக்குப் போனால் நிலைமை அப்படியே தலைகீழ். வரைபடத்தை வைத்துப் பார்த்தால் வண்டலூர்தான் நட்டநடுவில் இருக்கிறது. இதற்கிடையில், வாடகைக்குக் கொடுக்கும் பணத்தைக் கடன் தவணையாகக் கட்டி மாம்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடி வீட்டை வாங்கிவிடலாமே என்று கணவர் வீட்டில் வற்புறுத்துகிறார்கள். எங்கள் வாடகை வரம்பு 18,000 ரூபாய். இதே நிலையில் இருந்தவர்கள் எப்படி முடிவெடுத்தீர்கள் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: படப்பைக்காரர்

சகோதரி, நானும் அந்தப் பகுதியில் ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் ஷிப்டில் இருப்பவன் என்பதால் உங்கள் கணவர் பக்கத்து நியாயத்தை மட்டும் சொல்கிறேன். அவர் தொழிற்சாலைக்கு அருகில் குடியிருக்க வேண்டிய அவசியமே இல்லை; பேருந்து நிற்கும் இடத்துக்கு அருகில் குடியிருந்தால் போதும். காலை ஷிப்டுக்குப் பேருந்து பெருங்களத்தூரை விடியுமுன், ஐந்து மணிக்கெல்லாம் கடந்துவிடும். அந்த நேரத்தில் வீட்டிலிருந்து ஐந்து நிமிடம் நடந்து வந்து ஏறினால், ஒரகடம் வரும்வரை இருக்கையில் சாய்ந்து தூங்கலாம். நிறுத்தத்துக்கு வருவதற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வண்டி ஓட்ட வேண்டும் என்றால் அந்தத் தூக்கமும் போய், மழை நாளில் பேருந்தும் போய்விடும். பிறகு வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில் கார் ஏற்றிச் செல்லும் நீள லாரிகளுக்கு நடுவே அவரே ஓட்டிச் செல்ல வேண்டிவரும். இருபது கிலோமீட்டருக்கு மேல் அப்படிப் போய், எட்டு மணி நேரம் நின்று வேலை செய்து, இரவு பதினோரு மணிக்கு அதே சாலையில் திரும்புவது வாரத்துக்கு ஒரு நாள் என்றாலும் எனக்கு ஒப்புதல் இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். இரவு ஷிப்ட் வாரத்தில் அவர் காலை ஏழு மணிக்கு வந்து பகல் முழுவதும் தூங்க வேண்டும். நீங்கள் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் இரண்டு நாட்களும் அதே வாரத்தில்தான் வரும். அடுத்த அறையில் உங்கள் கூட்டம் நடக்கும், மாலையில் குழந்தை வந்துவிடும். ஆகையால் எந்த ஊரானாலும் இரண்டு படுக்கையறை வேண்டும், அதில் ஒன்று தெருவைப் பாராமல் பின்பக்கம் இருக்க வேண்டும். வீடு பார்க்கப் போகிறவர்கள் பொதுவாக மாலையில்தான் போகிறார்கள். நீங்கள் ஒரு பகல் பதினோரு மணிக்குப் போய் அந்தப் பின் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு சிறிது நேரம் நின்று பாருங்கள். பக்கத்து மனையில் கட்டுமானம் நடக்கிறதா, மேற்கு வெயில் நேராகச் சுவரில் அடிக்கிறதா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும்.

பதில்: மின்ரயில் பயணி

வண்டலூர் நட்டநடுவில் இருப்பது உண்மைதான். ஆனால் இருவரும் சமமாகக் களைத்துப்போகும் ஓர் இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் உங்கள் நோக்கமா என்று முதலில் யோசியுங்கள். உங்கள் கேள்வியில் மூன்று விஷயங்கள் யாருக்காகவும் காத்திருக்காதவை: தொழிற்சாலைப் பேருந்து, பள்ளி விடும் மணி, உங்கள் அம்மாவின் முழங்கால். உங்கள் அலுவலக நேரம் மட்டும்தான் ஓரளவு முன்பின் நகரக்கூடியது. அம்மா குரோம்பேட்டையில் மின்ரயில் ஏறினால் சானடோரியம், தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர் என்று நேராக வந்து இறங்கலாம். எங்கும் வண்டி மாற வேண்டாம். பிற்பகலில் அந்தத் திசையில் உட்கார இடம் கிடைக்கும். எனவே வீடு செங்கல்பட்டு ரயில் பாதையை ஒட்டித்தான் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. நடைமேம்பாலத்தின் படிகள் அவருக்குச் சிரமம் என்பதால், அவர் இறங்கும் நிலையத்தில் படியேறாமல் வெளியே வர வழி இருக்கிறதா என்பதை மட்டும் ஒருமுறை அவரையே அழைத்துச் சென்று பார்த்துவிடுங்கள்.

அந்தப் பாதையிலும் வண்டலூரைவிடப் பெருங்களத்தூரையோ கிழக்குத் தாம்பரத்தையோதான் சொல்வேன். காரணம், அங்கிருந்து சிறுசேரிக்கு உங்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று வண்டலூர், கண்டிகை, மாம்பாக்கம், புதுப்பாக்கம் வழியாகக் கேளம்பாக்கம் போய்ப் பழைய மாமல்லபுரம் சாலையில் திரும்புவது. மற்றொன்று மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாகப் போவது. இரண்டிலும் தூரம் ஏறத்தாழ 25 கிலோமீட்டர்தான். கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டதிலிருந்து பொங்கல், தீபாவளிக்கு முந்தைய மாலைகளில் வண்டலூரைச் சுற்றி ஜி.எஸ்.டி. சாலையில் (தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு செல்லும் நெடுஞ்சாலை) ஊர்வதே பெரும்பாடாகிவிடுகிறது. வண்டலூரில் குடியிருப்பவருக்கு அன்றைக்குச் சுற்றிப் போகவும் வழி இல்லை. தாம்பரத்தில் இருப்பவர் மேடவாக்கம் பக்கமாகத் திரும்பி வீடு சேரலாம். மெட்ரோ வருகிறதே என்று யாராவது சொன்னால் அதையும் சரியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். சிறுசேரி சிப்காட்டில் முடியும் தடம் மாதவரத்திலிருந்து ராஜீவ் காந்தி சாலை (அதே பழைய மாமல்லபுரம் சாலைதான்) வழியாக வருவது. தாம்பரத்திலோ பெருங்களத்தூரிலோ இருப்பவருக்கு அதனால் நேரடிப் பயன் கிடையாது.

பதில்: படூர் அம்மா

மேலே எழுதிய இருவரும் ஆண்கள் என்று நினைக்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். அலுவலக நேரம் "நகரக்கூடியது" என்று ஐயா ஒரு வரியில் கடந்துவிட்டார். மூன்று நாள் அலுவலகம் என்பது ஒரு மின்னஞ்சலில் ஐந்து நாளாக மாறிவிடும். அப்படி மாறிய அலுவலகங்களை இந்தச் சாலையில் நிறையவே பார்க்கிறோம். மாலை ஆறரைக்குக் கிளம்பி எட்டு மணிக்கு வீடு சேர்ந்து, அதன் பிறகு சமையலும் வீட்டுப்பாடமும் பார்த்து, ஒன்பதரைக்கு வெளிநாட்டு அழைப்பில் உட்கார வேண்டியவர் நீங்கள். ஷிப்ட் மாறும் கணவரை நம்பி எந்த வேலையையும் நிரந்தரமாகப் பிரித்துக்கொள்ள முடியாது என்பது உங்களுக்கே தெரியும். அவர் ஒரு வாரம் காலையில் இருப்பார், மறுவாரம் மாலையில் இருப்பார். பள்ளியிலிருந்து "குழந்தைக்குக் காய்ச்சல், வந்து அழைத்துப் போங்கள்" என்று வரும் தொலைபேசி அழைப்பு, ஒரகடத்தில் கைப்பேசியைப் பெட்டியில் வைத்துவிட்டு உற்பத்தி வரிசையில் நிற்பவருக்குப் போவதில்லை.

நாங்கள் அந்த ஒரு காரணத்துக்காகவே படூரில் குடியேறினோம். என் கணவருக்கு இருங்காட்டுக்கோட்டையில் வேலை; உடன் பணிபுரிபவர்களோடு ஸ்ரீபெரும்புதூரில் ஓர் அறை எடுத்துக்கொண்டு, காலை ஷிப்ட் வாரங்களில் அங்கே தங்கிவிட்டு விடுமுறைக்கு வீட்டுக்கு வருவார். அறை வாடகையில் அவர் பங்கு பெட்ரோல் செலவைவிடக் குறைவாகத்தான் வந்தது. எல்லோருக்கும் இது பிடிக்காது என்பது தெரியும். என் மாமியார் இன்றுவரை இதைக் குடும்பம் நடத்தும் முறையென்றே ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் விடியற்காலையில் இருட்டில் வண்டி எடுத்துக்கொண்டு அவர் போவதை நினைத்து நான் விழித்துக்கிடந்த இரவுகள் அதோடு நின்றன.

உங்களுக்கு அம்மாவின் துணை இருக்கிறது, எனக்கு இல்லை. அந்த ஒரு வேறுபாட்டுக்காக மட்டும் தாம்பரத்துப் பக்கத்தை நானும் ஒத்துக்கொள்வேன். ஆனாலும் பள்ளியை வீட்டிலிருந்து அம்மா ஆட்டோவில் ஐந்து நிமிடத்தில் போய்வரக்கூடிய தூரத்தில் தேர்ந்தெடுங்கள். பெயர்பெற்ற பள்ளி என்று தொலைவில் சேர்த்துவிட்டு, வேன் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு அவரைத் தெருமுனையில் நிற்க வைக்காதீர்கள்.

பதில்: பழைய தாம்பரம்

அம்மா, நான் ஓய்வுபெற்றவன். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்தப் பகுதியில் இருக்கிறேன். இடம் பற்றி மற்றவர்கள் சொன்னது போதும். வீடு பற்றி மட்டும் எழுதுகிறேன்.

உங்கள் அம்மாவின் முழங்கால் தரைத்தளத்தைக் கேட்கிறது. இந்தப் பகுதியின் மழையோ முதல் தளத்தைக் கேட்கிறது. ரயில் பாதைக்கு மேற்கே முடிச்சூர், வரதராஜபுரம் என்று போகப் போக அடையாற்றின் வெள்ளம் வரும் நிலம் அது. 2015 டிசம்பரில் அங்கே படகில்தான் ஆட்களை வெளியே கொண்டுவந்தார்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போதும் அந்தப் பகுதி தப்பவில்லை. கிழக்கே இருக்கிறோம் என்பதாலும் நிம்மதி அடைந்துவிட முடியாது. ஏரி நிரம்பினால் உபரிநீர் வழியும் கலங்கல் எந்தப் பக்கம் இருக்கிறது, அந்த நீர் ஓடிய வாய்க்கால் இப்போது எந்தத் தெருவாகியிருக்கிறது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இதைத் தரகரிடம் கேட்டால் ஒரு சொட்டுத் தண்ணீரும் நிற்காது என்றுதான் சொல்வார். தெருவில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவரிடமும் மளிகைக் கடைக்காரரிடமும் கேளுங்கள். 2015-இல் தண்ணீர் எத்தனையாவது படி வரை ஏறியது என்று கையைக் காட்டியே சொல்லிவிடுவார்கள். தெரு மட்டத்திலிருந்து வீட்டின் தளம் குறைந்தது இரண்டு மூன்று அடி உயர்ந்திருந்தால் தரைத்தளத்தை எடுக்கலாம். சாலையை மேலும் மேலும் உயர்த்திப் போட்டு வீடே பள்ளத்தில் இறங்கியிருந்தால், வாடகை எவ்வளவு குறைவானாலும் வேண்டாம். அதைவிட, மின்தூக்கி உள்ள சிறிய அடுக்குமாடியில் முதல் தளம் கிடைத்தால் முழங்கால், மழை இரண்டுக்கும் பொருந்தும். மின்வெட்டு நேரத்தில் மின்தூக்கி ஓட ஜெனரேட்டர் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

முன்பணமாகப் பத்து மாத வாடகை கேட்கும் பழக்கம் இங்கே இன்னும் போகவில்லை. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாக ஒப்புக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. "ஒப்புக்கொள்ளாவிட்டால்" என்பதைக் கவனித்து, கையெழுத்திடும் முன் ஒப்பந்தத்தை முழுவதும் படியுங்கள்.

வீடு வாங்கும் யோசனையை இந்த ஆண்டு தள்ளிவையுங்கள். வேலை செய்யும் இடத்தைக் கணக்கில் வைத்து இருபது ஆண்டுக் கடன் வாங்குவது சரியல்ல. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. மறைமலை நகரில் ஃபோர்டு ஆலை 2022-இல் கார் உற்பத்தியை நிறுத்தியது. அவற்றை நம்பி அருகிலேயே வீடு வாங்கியவர்கள் எத்தனையோ பேர், அடுத்த வேலைக்காக ஊரின் மறுகோடிக்குப் போய்வர வேண்டியதாயிற்று. நீங்கள் இருவருமே ஏற்கெனவே ஒருமுறை வேலை மாறியவர்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

மீண்டும்: சிறுசேரி வாசகி

அனைவருக்கும் மிக்க நன்றி. பதில்களை என் கணவரிடமும் படித்துக் காட்டினேன். பின் அறையைப் பகலில் போய்ப் பார்க்கச் சொன்னதுதான் அவருக்கு மிகவும் பிடித்திருந்தது; இப்போதைய வீட்டில் அவர் காதில் பஞ்சை வைத்துக்கொண்டுதான் தூங்குகிறார். படூர் அக்கா சொன்ன அறை யோசனைக்கு அவர் சம்மதிக்கவில்லை. குழந்தையைப் பார்க்கவே வாரத்தில் சில மணி நேரம்தான் கிடைக்கிறது, அதையும் விடமாட்டேன் என்கிறார். மாம்பாக்கத்து வீட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

பெருங்களத்தூர், இரும்புலியூர், கிழக்குத் தாம்பரம் ஆகிய மூன்றையும் பார்க்கலாம் என்று இருக்கிறோம். படப்பைக்காரர் அண்ணாவுக்கு ஒரு கேள்வி: பிற்பகல் ஷிப்ட் முடிந்து இரவில் திரும்பும் பேருந்துகள் காலையில் ஏற்றிக்கொண்ட இடத்திலேயே இறக்கிவிடுமா? ஜி.எஸ்.டி. சாலையில் ஏதோ ஒரு பக்கம் இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள் என்று ஒருவர் பயமுறுத்துகிறார்.

பதில்: படப்பைக்காரர்

அவர் சொல்வது சரிதான், சகோதரி. எங்கள் பேருந்தில் காலையில் ஏறும் இடம் சாலையின் ஒரு பக்கம், இரவில் இறங்கும் இடம் எதிர்ப்பக்கம். இரவு பதினோரு மணிக்கு அந்தச் சாலையில் வெளியூர்ப் பேருந்துகள் பறந்துகொண்டிருக்கும். நடுவில் தடுப்புச் சுவரும் உண்டு. அதனால் சுரங்கப்பாதையோ நடைமேம்பாலமோ இருக்கும் நிறுத்தமாகப் பார்த்து, அதை ஒட்டியே வீடு தேடுங்கள். ஓட்டுநரிடம் முன்கூட்டியே சொன்னால் சற்றுத் தள்ளியும் நிறுத்துவார். ஆனால் ஒப்பந்த ஓட்டுநர்கள் அடிக்கடி மாறுவதால் அதை நம்ப வேண்டாம். வீட்டை முடிவு செய்வதற்கு முன், பிற்பகல் ஷிப்ட் வாரத்தில் ஓர் இரவு உங்கள் கணவரை அந்த நிறுத்தத்தில் இறங்கி, பார்த்து வைத்திருக்கும் வீடு வரை நடந்து பார்க்கச் சொல்லுங்கள். தெருவிளக்கு எரிகிறதா, நாய்கள் எத்தனை என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.