முழு உரைத் தேடலில் சொற்களின் நெருக்கத்தை வைத்து முடிவுகளை வரிசைப்படுத்துவது எப்படி?

கேள்வி

வணக்கம். மயிலாப்பூரில் உள்ள ஒரு சிறிய நூலகத்துக்காக, தமிழ் இதழ்களில் தேடும் வசதியைப் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் அமைத்து வருகிறேன். ஒவ்வொரு இதழும் முழுமையாக ஒரே பதிவாக இருக்கிறது. ‘செம்பரம்பாக்கம் வெள்ளம்’ என்று தேடினால், 2015 டிசம்பரில் அந்த ஏரியின் உபரிநீர் அடையாற்றில் திறந்துவிடப்பட்டதைப் பற்றிய கட்டுரைகள் முதலில் வர வேண்டும். ஆனால், ஏரியின் பெயரை எங்கோ ஒருமுறை சொல்லிவிட்டு, பல பக்கங்கள் தள்ளி வேறோர் ஊரின் வெள்ளத்தைத் திரும்பத் திரும்பப் பேசும் ஆண்டு மலர்தான் மேலே நிற்கிறது. முடிவுகளுக்கு மதிப்பிடும் டிஎஸ்_ரேங்க் சார்பைப் பயன்படுத்துகிறேன். சொற்கள் அடுத்தடுத்தே வர வேண்டும் என்னும் <-> குறியை இட்டால் ‘செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பியதால் வெள்ளம்’ என்பது போன்ற தொடர்கள் விடுபட்டுப் போகின்றன. என்ன வழி?

மறுமொழி 1

<-> வடிகட்டும் குறி. தரம் பிரிப்பது அதன் வேலையன்று. வினவலில் எல்லாச் சொற்களும் இருக்க வேண்டும் என்னும் & குறியையே வைத்துக்கொண்டு, வரிசைப்படுத்த டிஎஸ்_ரேங்க்_சிடி சார்பைப் பயன்படுத்துங்கள். தேடிய சொற்கள் அனைத்தும் அடங்கும் மிகக் குறுகிய பகுதிகளை அது உரையில் கண்டுபிடித்து, இடையில் வேறு சொற்கள் கூடக்கூட மதிப்பைக் குறைக்கிறது. இயல்பான எடையில் இரு சொற்கள் அடுத்தடுத்து வந்தால் அந்தப் பகுதிக்கு 0.1 கிடைக்கும், இடையில் பன்னிரண்டு சொற்கள் இருந்தால் அது 13-ஆல் வகுபடும். ‘அல்லது’ எனப் பொருள்படும் | குறியால் இணைத்தால் ஒரு சொல்லே போதுமான பகுதியாகிவிடுவதால், நெருக்கத்துக்கு அங்கே பொருளில்லை. டிஎஸ்வெக்டர் என்பது உரையின் சொற்களையும் அவற்றின் இருப்பிடங்களையும் கொண்ட பட்டியல். அதை ஸ்ட்ரிப் செய்தால் சொல்லிருப்பிடங்கள் இருக்காது என்பதால் மதிப்பு பூஜ்யமாகிவிடும்.

கேட்டவர்

மிக்க நன்றி. வரிசை வெகுவாகத் திருந்திவிட்டது. ஆனால் ‘வெள்ளத்தில்’, ‘வெள்ளத்தால்’ என்று வரும் கட்டுரைகள் கிடைக்கவில்லை என்பதால் ‘வெள்ள’ என்று தொடங்கும் எல்லாச் சொற்களையும் தேடும்படி வெள்ள:* என்று இட்டேன். இப்போது வெள்ளிக்கிழமையும் வெள்ளரிக்காயும் சேர்ந்து வருகின்றன.

மறுமொழி 2

அந்த முன்னொட்டுத் தேடல் எழுத்துக்குறிகளைத்தான் ஒப்பிடுகிறது. யூனிகோடில் ‘ளி’ என்பது ‘ள’வும் அதைத் தொடரும் உயிர்க்குறியுமாகவே பதிவாகிறது. (வெள்ளம:* | வெள்ளத்த:*) என்று அடைப்புக்குள் இட்டு, செம்பரம்பாக்க:* என்பதோடு & குறியால் இணைத்துப் பாருங்கள். ‘வெள்ளம்’, ‘வெள்ளமாக’, ‘வெள்ளத்தில்’ மூன்றுமே அகப்படும். பதிப்பு 12 முதல் தமிழுக்கான அடிச்சொல் பிரிப்பானும் போஸ்ட்கிரெஸில் உண்டு. அதை நம்புவதற்கு முன், உங்கள் இதழ்களில் அடிக்கடி வரும் வேற்றுமை வடிவங்களை ஒரு சொல் எப்படிப் பிரிக்கப்படுகிறது என்று காட்டும் டிஎஸ்_டீபக் சார்பு வழியாக ஒவ்வொன்றாகச் சோதித்துவிடுங்கள். வேற்றுமை உருபு ஒன்றைத் தவறவிட்டால், மிக நெருக்கமாக அமைந்த தொடரே தரவரிசைக்கு வராமல் போய்விடும். தமிழ்த் தேடலில் இதற்குச் செலவிடும் உழைப்பு ஒருபோதும் வீண்போகாது.

மறுமொழி 3

ஓர் இதழ் முழுவதும் ஒரே பதிவு என்கிறீர்கள். அதை முதலில் மாற்றுங்கள். டிஎஸ்வெக்டரில் சொல்லிருப்பிடம் 16383 வரைதான் செல்லும். அதைக் கடந்த சொற்களுக்கெல்லாம் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் அதே எண் இடப்படுவதால், பருமனான ஆண்டு மலரின் பிற்பகுதியில் எந்தச் சொல் எதற்கு அருகில் இருக்கிறது என்பதே தெரியாமல் போய்விடும். கட்டுரைக்கு ஒரு பதிவாகப் பிரித்தால் இச்சிக்கல் தீர்வதோடு, வாசகர் நேராக உரிய பக்கத்துக்கே போய்ச் சேர்வார். தேடலை விரைவாக்கும் ஜின் இண்டெக்ஸில் சொல்லிருப்பிடங்கள் இல்லை. ஆகவே பொருந்தும் ஒவ்வொரு பதிவின் டிஎஸ்வெக்டரையும் படித்துத்தான் மதிப்பிட வேண்டியிருக்கும். தொகுப்பு பெருகி வேகம் குறைந்தால், இருப்பிடங்களை இண்டெக்ஸிலேயே வைத்திருக்கும் ரம் என்ற நீட்சியை அப்போது நிறுவிக்கொள்ளலாம்.