ஐந்து நாலாகிவிட்டால் ஆள் மாறிவிட்டாரா?

கணக்குப்பிள்ளை
பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு (உணர்ச்சிகள் சட்டென்று கொந்தளித்து, உறவுகள் நிலைகொள்ளாமல் தவிக்க வைக்கும் மனநலக் கோளாறு) என்றாலே "பிறவிக் குணம், மாறாது" என்று இந்தப் பக்கத்தில் எழுதிவிடுகிறார்கள். அமெரிக்காவின் மக்லீன் மனநல மருத்துவமனையில் ஆய்வாளர் சனரினியின் குழு இந்தக் கோளாறு உள்ள 290 பேரைத் தொடர்ந்து பார்த்தது. 10 ஆண்டுகளில் 93 விழுக்காட்டினருக்குக் குறைந்தது 2 ஆண்டு நிலைத்த தணிவு, அதாவது அந்தப் பெயருக்குத் தேவையான அளவு அறிகுறிகள் இல்லாத நிலை, கிடைத்தது. ஒன்பது அறிகுறிகளில் ஐந்து இருந்தால்தான் அந்தப் பெயர். நாலுக்கு இறங்கியவரிடம் எதற்கு இன்னும் அதே பெயரைச் சொல்லிக் காட்டுகிறீர்கள்?

நாலறை வீடு
அதே ஆய்வுல அடுத்த வரியையும் படிங்க. தணிவோடு வேலை அல்லது படிப்பு, நெருங்கிய உறவு ஒன்றாவது, எல்லாம் சேர்ந்து அமைஞ்சவங்க 50 விழுக்காடுதான். கையைக் கீறிக்கிறது மாதிரியானது சீக்கிரம் குறையுது. வெறுமையும், விட்டுட்டுப் போயிடுவாங்களோங்கிற பயமும் மெதுவாத்தான் குறையுது. யாரோடும் பழகாம அறைக் கதவைச் சாத்திக்கிட்டா சண்டையும் இல்ல, எண்ணிக்கையும் இறங்கும். அதுக்குப் பேர் மாற்றமா?

கணக்குப்பிள்ளை
ஒதுங்குவது வேறு, கற்றுக்கொள்வது வேறு. டிபிடி என்னும், உணர்ச்சியைக் கையாளக் கற்றுத்தரும் பேச்சுச் சிகிச்சையில் வாரம் ஒரு தனி அமர்வு, இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகத் திறன் வகுப்பு, வழக்கமாக ஓராண்டு. தினமும் அட்டையில் வேகத்துக்கு, அதாவது தன்னைக் காயப்படுத்திக்கொள்ளத் தோன்றும் உந்துதலுக்கு, 0 முதல் 5 வரை மதிப்பெண். மாற்றம் அங்கே தெரியும்.

தாதி அக்கா
தம்பி, அந்த அட்டையைக் கொஞ்சம் கிட்டப் பிடிச்சுப் பாருங்க. ஏழு நாளும் ஒரே பேனா, ஒரே சாய்வு, வரிசையா 3, 3, 3. அமர்வுக்கு வரும்போது எம்ஆர்டி ரயில்ல உட்கார்ந்து நிரப்பினது. இன்னைக்கு மனசு எப்படியோ அதுதான் போன திங்கட்கிழமைக்கும் விழும். ராத்திரி பல் தேய்க்கப் போகும்போது எழுதச் சொல்லணும். ஆனா ஒரு விஷயம்: வேகம் 5-லயே நின்னு, செய்கை 0 ஆகிற வாரம் வரும். அவங்களுக்கு அது பெரிய மாற்றம். வீட்டுல பாக்கிறவங்களுக்கு ஒண்ணுமே நடக்கலைன்னு தோணும்.

வேகம் ஏறும்போது அதை அடக்கச் சொல்லித் தர்ற குளிர்தண்ணி முறையிலயும் இதே பிசகுதான். நம்ம சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணி வெதுவெதுன்னு வரும், பலிக்காது. பாத்திரத்துல ஐஸ் போட்டு, குனிஞ்சு, மூச்சடக்கி 15 முதல் 30 வினாடி முகத்தை முக்கணும். இதயக் கோளாறு உள்ளவங்க டாக்டரைக் கேட்காம செய்யக் கூடாது. கிடைக்கிற அமைதி சில நிமிஷம்தான். அந்த நேரத்துல போனை எடுத்து வாட்ஸ்அப்ல பதில் தட்டினா போச்சு. போனை வேற அறையில வைக்கிறதும் அந்த முறையில சேர்ந்ததுதான். தாங்க முடியாத கட்டத்துல அட்டை எல்லாம் வேண்டாம், தற்கொலைத் தடுப்பு உதவி எண் 1767-க்கு அடிங்க, 24 மணி நேரமும் எடுப்பாங்க.

நாலறை வீடு
இதைத்தான் நானும் சொல்றேன் அக்கா. வேகம் போகல, வேகத்துக்கும் செய்கைக்கும் நடுவுல இடைவெளி கூடியிருக்கு. ஆனா பிள்ளை குரல் கொஞ்சம் உயர்ந்த உடனே அம்மா "மாத்திரை போட்டியா?"ன்னு கேட்கிறாங்க. பார்டர்லைனுக்குன்னே தனி மாத்திரை கிடையாது, கூட வர்ற மனச்சோர்வு மாதிரியானதுக்குத்தான் கொடுப்பாங்க. நியாயமான கோபத்தைக்கூட நோய்க் கணக்குல எழுதினா, மாறினவங்க எங்க போய் நிரூபிப்பாங்க?

கணக்குப்பிள்ளை
அதனால்தான் பெயரை எடுங்கள் என்கிறேன்! வேலை விண்ணப்பத்தில் மனநலம் பற்றிக் கேட்கக் கூடாது என்று 2020-லேயே சிங்கப்பூரில் முத்தரப்பு (அரசு, முதலாளிகள், தொழிற்சங்கம்) வழிகாட்டி வந்துவிட்டது. வீட்டுக்குள்தான் இன்னும் வரவில்லை.

நாலறை வீடு
பெயரை எடுத்தா வகுப்புல இடமும் போயிடும்னு பயப்படுறவங்க இருக்காங்க. நாலு அறிகுறியோட தவிக்கிறவருக்கு என்ன பெயர் எழுதிச் சீட்டு கொடுப்பீங்க?

தாதி அக்கா
ரெண்டு பேரும் அந்த அட்டையில ஒரு கட்டத்தைச் சேர்த்துப் பாருங்க: கோபம் ஏறின நேரம், திரும்பச் சாப்பிட உட்கார்ந்த நேரம். ரெண்டு நாள் ஆனது மூணு மணி நேரமா குறைஞ்சிருக்கும். 0 முதல் 5-ல இது தெரியாது.

கணக்குப்பிள்ளை
அதுவும் எண்தானே அக்கா.

நாலறை வீடு
சாப்பிட உட்கார்ந்தாங்களா, சாப்பிட்டாங்களா, அதையும் எழுதச் சொல்லுங்க.