2002 எஃப்-150, 5.4 வி8: காயில் மாற்றியும் நாலாவது சிலிண்டர் மிஸ்ஸிங் திரும்பத் திரும்ப வருகிறது

பனிக்காட்டான்:
வணக்கம். இருப்பது ரொறன்ரோ. வண்டி 2002 ஃபோர்டு எஃப்-150, 5.4 லிட்டர் ட்ரைட்டன், சிலிண்டருக்கு இரண்டு வால்வு உள்ள பழைய எஞ்சின், 3 லட்சம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது. நெடுஞ்சாலையில் ஓவர்டிரைவில் 1,500 ஆர்பிஎம் பக்கம் போகும்போது லேசான மேடு வந்தால் போதும், வண்டி உதறுகிறது. இன்னும் மிதித்து கியர் இறங்கிவிட்டால் உதறல் காணோம். ஐட்லிங்கில் சுத்தம். பிழைக் கோடு (code) பி0304, அதாவது நாலாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர், பெட்ரோல் சரியாக எரியவில்லை. கராஜில் நாலாவதன் ஸ்பார்க் ப்ளக், அதற்கு மின்சாரம் கொடுக்கும் காயில் இரண்டையும் மாற்றினார்கள், சில வாரம் நன்றாக ஓடி மறுபடி அதே கதை. இன்னொரு காயில் போட்டார்கள், அதுவும் அப்படியே. இப்போது எஞ்சின் கம்ப்யூட்டர் போயிருக்கும் என்கிறார்கள். அதற்குக் கேட்கும் காசை நினைத்தால் வண்டியையே தள்ளிவிடலாம் போலிருக்கிறது. அதற்கு முன்னால் வேறு என்ன பார்க்கலாம்?

ஸ்பேனர் செட்:
கம்ப்யூட்டரைத் தொடவே வேண்டாம். அதற்குள் காயிலை இயக்கும் டிரைவர் சர்க்யூட் போயிருந்தால் அந்த சிலிண்டர் பெரும்பாலும் எப்போதுமே செத்துக் கிடக்கும், புதுக் காயில் போட்டதும் சில வாரம் ஒழுங்காக ஓடாது. சில வாரம் ஓடி மறுபடி வருகிறது என்றால் ஏதோ ஒன்று காயிலைக் கெடுத்துக்கொண்டே இருக்கிறது, அதைத்தான் தேட வேண்டும். மழையில், அல்லது ஹீட்டர் போட்டு ஓட்டும் நாளில் அதிகமாகிறதா?

இன்னொன்று, செக் எஞ்சின் லைட் சும்மா எரிகிறதா, மின்னுகிறதா? மின்னினால் எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரில் போய் அதைச் சூடாக்கிக் கெடுக்கிறது என்று அர்த்தம். அப்போது டிரெய்லர் எல்லாம் இழுக்காதீர்கள், கன்வர்ட்டர் விலை கம்ப்யூட்டரை விட மோசம்.

கொழும்பு டீசல்:
எனக்கு வேக்கம் லீக், அதாவது விரிசல் வழியாக எஞ்சினுக்குள் காற்று போவது மாதிரிப் படுகிறது. இந்த எஞ்சினில் த்ராட்டில் பாடிக்குப் பின்னால் இருக்கும் பிசிவி (எஞ்சினுக்குள் சேரும் வாயுவைத் திரும்ப இழுக்கும் குழாய்) ரப்பர் முழங்கை வெடித்துவிடும், கையால் தடவிப் பார்த்தாலே தெரியும். இல்லாவிட்டால் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வர்ட்டர் உதறல்.

ஸ்பேனர் செட்:
அந்த முழங்கை வெடிப்பது உண்மைதான் அண்ணை, ஆனால் அதன் வழியாகக் காற்று உள்ளே போனால் ஐட்லிங்தான் முதலில் கெடும், காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று பி0171, பி0174 வரும், ஒரே ஒரு சிலிண்டரைப் பிடித்துக்கொண்டு தொங்காது. டார்க் கன்வர்ட்டராக இருந்தால் பி0304 ஏன் வருகிறது? மேட்டில் மட்டும் உதறுவதற்குக் காரணம் வேறு: லாக் ஆன டார்க் கன்வர்ட்டரில் ஆர்பிஎம் குறைவு, சுமை அதிகம், சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறும்போது பொறி பாய அதிக வோல்டேஜ் வேண்டும். காயிலையும் ப்ளக்கையும் இணைக்கும் ரப்பர் உறையான பூட்டில் (boot) கொஞ்சம் பலவீனம் இருந்தாலும் பொறி ப்ளக் நுனிக்குப் போகாமல் பக்கவாட்டில் சிலிண்டர் ஹெட்டுக்குத் தாவிவிடும். மீட்டர் வைத்து ஓம் பார்த்து காயில் நல்லது என்று சொல்வார்கள், அதில் இது பிடிபடாது.

பனிக்காட்டான், இதைச் செய்யுங்கள். பயணி பக்கத்தில் முன்னாலிருந்து பின்னால் 1, 2, 3, 4. உங்கள் நாலாவது ஃபயர்வாலை ஒட்டிக் கடைசியில் இருக்கும், அதற்கு மேலேதான் ஹீட்டர் ஹோஸ் இணைப்பு. அது பல வண்டிகளில் சொட்டும், சொட்டுவது நேராக நாலாவது ப்ளக் குழிக்குள். 7 மில்லிமீட்டர் போல்ட் ஒன்றுதான், காயிலைத் தூக்கி உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். ஈரமோ இனிப்பு வாசனையோ இருந்தால் அது கூலன்ட், எஞ்சினைக் குளிர வைக்கும் திரவம். நாக்கில் வைத்துப் பார்க்காதீர்கள், விஷம். பூட்டின் மேல் மெல்லிய வெள்ளை அல்லது கறுப்புக் கோடு ஓடியிருந்தால் பொறி அந்த வழியாகத் தப்புகிறது.

குழி காய்ந்திருந்தால் நாலாவது காயிலை மட்டும் இரண்டாவதோடு மாற்றிப் போடுங்கள், பூட்டை அதன் அதன் இடத்திலேயே விடுங்கள். கோடு பி0302 ஆனால் காயில். நாலிலேயே நின்றால் பூட், ப்ளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று போக வேண்டும். இன்ஜெக்டர் 11 முதல் 18 ஓம் காட்ட வேண்டும். கம்ப்ரஷனில் மிகக் குறைந்த சிலிண்டர், மிக உயர்ந்ததில் 75 சதவீதமாவது இருக்க வேண்டும்.

பனிக்காட்டான்:
தூக்கிப் பார்த்தேன் அண்ணா. குழியின் அடியில் பச்சைத் தண்ணீர் தேங்கிக் கிடக்கிறது, பூட்டின் ஸ்பிரிங் துரு, ஒரு பக்கம் வெள்ளைக் கோடு. வண்டி நின்ற நிலையில் ஹோஸ் வெளியே காய்ந்துதான் தெரிகிறது. கராஜில் ஒவ்வொரு முறையும் குழியைத் துடைத்துவிட்டுப் புதுசு போட்டிருப்பார்கள், அது நனையும் வரை ஓடியிருக்கிறது.

ஸ்பேனர் செட்:
அதேதான். எஞ்சின் சூடாகி அழுத்தம் ஏறினால்தான் சொட்டும், பிரஷர் டெஸ்டர் போட்டு கூலன்ட் மூடியில் எழுதியிருக்கும் அளவுக்கு ஏற்றினால் காட்டிக்கொடுக்கும். ஹோஸும் கிளாம்பும் முதலில், பூட்டும் காயிலும் பிறகு. ப்ளக்கைக் கழற்றும் முன் குழியை உறிஞ்சி எடுத்து ஏர் அடித்துக் காயவையுங்கள், இல்லாவிட்டால் அத்தனை அழுக்கும் சிலிண்டருக்குள் போகும். பூட் உள்ளே கொஞ்சம் டைஎலக்ட்ரிக் (மின்சாரம் கடத்தாத) கிரீஸ். எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும், இந்த ஹெட்டில் ப்ளக் திருகுக்கு மரைகள் மிகக் குறைவு, ப்ளக் வெடித்து வெளியே பறந்த வண்டிகள் உண்டு. கையால் ஏற்றிவிட்டுக் கடைசியில் டார்க் ரெஞ்ச்.

கொழும்பு டீசல்:
சரி, ஹோஸ் என் கண்ணில் படவில்லை. ஆனாலும் ஏர் ஃபில்டர் பாக்ஸைக் கழற்றும் நேரத்தில் அந்த முழங்கையையும் ஒரு தடவை தடவிப் பாருங்கள், காசா பணமா.

பனிக்காட்டான்:
முழங்கையும் விரிசல்தான்! ஹோஸ், கிளாம்ப், பூட், முழங்கை எல்லாம் போட்டாயிற்று, காயில் ஏற்கனவே புதுசு என்பதால் துடைத்து அதையே விட்டிருக்கிறேன். 401 நெடுஞ்சாலையில் அதே மேட்டில் ஹீட்டர் போட்டு ஓவர்டிரைவிலேயே ஏற்றினேன், உதறல் இல்லை. ஸ்கேனரில் நாலாவதன் மிஸ்ஃபயர் எண்ணிக்கை பூஜ்யம். இரண்டாவதுக்கு மட்டும் எப்போதாவது ஒன்றிரண்டு ஏறுகிறது, அதை இப்போதே பார்க்க வேண்டுமா, விடலாமா?

ஸ்பேனர் செட்:
விடுங்கள், ஒன்றிரண்டு எல்லா வண்டியிலும் வரும். அடுத்த எண்ணெய் மாற்றும்போது நாலாவது காயிலைத் தூக்கிக் குழியைப் பாருங்கள், அது காய்ந்திருக்க வேண்டும்.