மறுமொழி: கழிவுநீர்ச் சுத்திகரிப்புத் தொட்டியின் சுவாசச் சோதனைக்கு என்ன பெயர்?

> "சுவாசத் தடைச் சோதனை என்றே வைத்துவிடலாம்."

வணக்கம் ஐயா. இதில் எனக்கு உடன்பாடு இல்லை. தடை என்றதும் மூச்சு நின்றுவிட்டது என்றுதான் வாசிப்பவர் எடுத்துக்கொள்வார். இங்கே நடப்பது வேறு. காற்றூட்டல் தொட்டியில் எடுத்த கசட்டை, அதாவது நுண்ணங்கிகள் நிறைந்த திரளை, செயற்கைக் கழிவுநீரோடும் சோதிக்க வேண்டிய இரசாயனத்தோடும் கலந்து 3 மணித்தியாலம் காற்றூட்டுகிறார்கள். பிறகு போத்தலில் நிரப்பி ஒட்சிசன் மானியை இறக்கினால், லீற்றருக்கு 7 மில்லிகிராம் அளவிலிருந்து எண் இறங்கத் தொடங்கும். நல்ல கசட்டில் விறுவிறுவென்று இறங்கும், நஞ்சு கலந்ததில் மெல்ல மெல்லத்தான். நுண்ணங்கிகள் மூச்சு விடும் அந்த வேகம் எவ்வளவு தணிந்தது என்பதே கணக்கு. ஆகவே, 'சுவாசத் தணிவுச் சோதனை'.

தடை என்பதற்குப் பதிலாகத் தங்கை சொன்ன 'நிரோதம்' எங்கள் உயர்தர வகுப்பு மாணவருக்குப் பழகிய சொல்தான். ஆனால் தமிழ்நாட்டில் அது ஆணுறையின் பெயராகப் பதிந்துவிட்டது. அதோடு, திருகோணமலையில் இந்தச் சொல் மாணவரோடு நின்றுவிடக் கூடாது. உப்புவெளி, நிலாவெளி விடுதிகளில் சிறிய சுத்திகரிப்புத் தொட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் பொடியன்களுக்கும் அது வேண்டும். "கிருமிநாசினியை ஒரேயடியாக வடிகாலில் ஊற்றினால் தொட்டியின் சுவாசம் தணிந்துபோகும்" என்றால் அவர்களுக்கு உடனே பிடிபடும்.

இன்னொரு வசதியும் உண்டு. வேகத்தைப் பாதியாக்கும் செறிவை 'அரைத்தணிவுச் செறிவு' எனலாம், அரைவாழ்வு போல. ஒப்பீட்டுக்கு எடுக்கும் 3,5-டைகுளோரோபீனோல் என்ற நச்சு இரசாயனத்துக்கு, கசட்டிலுள்ள எல்லா நுண்ணங்கிகளின் மொத்தச் சுவாசத்தில் அது லீற்றருக்கு 2 முதல் 25 மில்லிகிராமுக்குள் வரவேண்டும், இல்லாவிட்டால் அந்தச் சோதனை செல்லாது. நைத்திரேற்றம் செய்யும், அதாவது அமோனியாவை நைத்திரேற்றாக மாற்றும், பற்றீரியாக்களுக்கோ 0.1 முதல் 10 வரை. அவை அவ்வளவு மென்மையானவை! அதனால் 'நைத்திரேற்றத் தணிவு' என்று தனிச்சொல்லும் கட்டாயம் வேண்டும். தணிவு என்ற ஒரே வேரில் எல்லாம் அமைந்துவிடுகிறது, சரிதானே?

ஒன்று மட்டும் மிச்சம். நான் கசடு என்று எழுதினேன், இங்கே பலர் சேறு என்கிறார்கள். எனக்குச் சேறு என்றால் வயல்தான் கண்ணில் நிற்கிறது. தொட்டியில் மிதக்கும் அந்தப் பழுப்புத் திரளுக்கு எது பொருந்தும்? கிழக்கில் இந்த வேலையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.