சீனாவில் வாழ்ந்தவர்களே, ஆளும் கம்யூனிஸ்ட் கட்சியை நீங்கள் எங்கே சந்தித்தீர்கள்?

ஷாங்காயில் பணிபுரிந்தவர்:

சர்வாதிகாரம் என்றதும் துப்பாக்கியோடு நிற்கும் சிப்பாய்தான் நம் ஊரில் பலருக்கும் நினைவுக்கு வருகிறான். அப்படி ஒருவரையும் நான் பார்த்ததில்லை. நான் கண்ட கட்சி, எங்கள் குடியிருப்புக் குழுவில் இருந்த ஓர் அம்மாள்.

கொரோனாவைத் தடுக்க, 2022 மார்ச் 28 அன்று ஷாங்காயில் ஹுவாங்பூ ஆற்றின் கிழக்குக் கரையை அடைத்தார்கள். ஏப்ரல் 1 அன்று மேற்குக் கரையை. பகுதிக்கு நான்கு நாள் என்பதுதான் அறிவிப்பு. ஜூன் 1 வரை இழுத்தது. விடிவதற்குள் கதவைத் தட்டிப் பரிசோதனைக்கு வரிசையில் நிறுத்துவது, யாருக்குத் தொற்று என்று மேலே தெரிவிப்பது, முட்டைக்கோஸ் பெட்டியை வாசலில் வைப்பது எல்லாம் அந்த அம்மாள்தான். எதைக் கேட்டாலும் "மேலிடத்து உத்தரவு" என்பார். ஒருநாள் இரவு வீசாட் (அங்கே எல்லோரும் பயன்படுத்தும் செய்திச் செயலி) குழுவில் அவருடைய குரல் பதிவு வந்தது. வீட்டுக்குப் போயே பல நாள் ஆகிறது, மாமியாருக்கு மருந்து வாங்கக்கூட முடியவில்லை என்று அழுதார். மறுநாள் காலை வழக்கம்போல வந்து கதவைத் தட்டினார். அவர்மேல் எனக்கிருந்த கோபம் அதன்பின் எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் அலைந்தது.

எதிர்வீட்டுப் பெரியவர் மட்டும் பதறவே இல்லை. 1959 முதல் 1961 வரையிலான பஞ்சத்தைச் சிறுவனாகக் கடந்தவர். அவர் வீட்டில் அரிசி எப்போதும் மூட்டையாகவே இருக்கும்.

ஏப்ரல் 22 அன்று, அடைப்புக் காலத்து மக்களின் குரல்களைத் தொகுத்த ஒரு காணொளி பரவியது. தணிக்கையாளர்கள் நீக்க நீக்க, மக்கள் அதைத் தலைகீழாகத் திருப்பியெல்லாம் மறுபடி ஏற்றினார்கள். காய்கறி விலையைத் தவிர எதையும் பேசாதவர்கள்கூட எங்கள் வீசாட் குழுவில் அதைப் பகிர்ந்தார்கள். காலையில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. "தயவுசெய்து முட்டை, காய்கறி பற்றி மட்டும் பேசுங்கள்" என்று ஓர் அறிவிப்பு இருந்தது.

வூகானில் மருத்துவம் படித்தவர்:

அண்ணா, அந்தப் பேசாத ஆட்களைப் பற்றி நானும் சொல்ல வேண்டும். 2018 மார்ச் 11 அன்று, ஒருவர் தொடர்ந்து இரண்டு தவணைதான் அதிபராக இருக்கலாம் என்ற வரம்பைச் சீன நாடாளுமன்றத்தில் நீக்கினார்கள். ஆதரவு 2,958, எதிர்ப்பு 2, நடுநிலை 3. உணவகத்தில் என் சீன வகுப்புத் தோழனிடம் இதைப் பற்றிக் கேட்டேன். நூடுல்ஸில் காரம் போதவில்லை என்றான். விவரம் இல்லாதவன் என்று நினைத்துக்கொண்டேன். இரவு மைதானத்தில் நடக்கலாம் என்று அழைத்தவன், கைபேசியை அறையிலேயே வைத்துவிட்டு வரச் சொன்னான். பிறகு ஒரு மணி நேரம் நிறுத்தாமல் பேசினான். மாவோவுக்குப் பின் அந்த வரம்பு 1982 அரசியல் சட்டத்தில் ஏன் வந்தது என்பதை எந்தப் பேராசிரியரும் எனக்கு அவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. அந்த இரண்டு எதிர்ப்பு வாக்குகள் உண்மையானவையா, அழகுக்குப் போட்டவையா என்பதில்தான் அவனுக்குச் சந்தேகம்.

துணி வணிகர்:

எனக்குச் சரக்கு அனுப்பும் சீனர் ஒருவர், ஹெனான் மாகாணத்துக் கிராமப்புற வங்கி ஒன்றில் பணம் போட்டிருந்தார். 2022 ஏப்ரலில் பணம் எடுப்பது முடங்கியது. ஜூனில் கேட்கப் போனால், மாகாணத் தலைநகர் செங்சோவில் இறங்கியதுமே அவருடைய கைபேசியில், கொரோனா அபாயத்தை நிறத்தால் காட்டும் சுகாதாரக் குறியீடு சிவப்பானது. தொற்று இல்லை; ஆனால் சிவப்பு என்றால் ரயிலும் இல்லை, விடுதியும் இல்லை. இப்படி 1,317 பேருக்குக் குறியீட்டை மாற்றியது பின்னர் அம்பலமாகி, ஐந்து அதிகாரிகள் தண்டிக்கப்பட்டார்கள். பச்சை திரும்பியதும் அவர் செய்த முதல் வேலை, மீண்டும் செங்சோவுக்கு டிக்கெட் எடுத்ததுதான்.