படத்தைக் கெடுக்காமல் திகதி போடுவது எப்படி?

வெள்ளவத்தைப் பிள்ளை:
அப்பாவின் எழுபதாவது பிறந்தநாளுக்கு ஒரு அல்பம் செய்கிறேன், 340 படங்கள். பழைய பிலிம் காலத்து அல்பத்தில் மூலையில் செம்மஞ்சளாகத் திகதி இருக்குமே, அப்படி வேண்டும். போனில் ஒரு இலவச அப் போட்டுப் பார்த்தேன். திகதி மகளின் நாடிக்கு மேலே விழுந்துவிட்டது. அதுகூடப் பரவாயில்லை. 4 எம்பி இருந்த படம் 900 கேபி ஆகி, அம்மாவின் சேலைச் சரிகை எல்லாம் கஞ்சி மாதிரிக் கரைந்து போச்சு. மூலப்படம் வேறாக இருந்ததால் தப்பினேன். வழி சொல்லுங்கோ.

கொட்டாஞ்சேனைத் தம்பி:
கமராவிலேயே திகதி போடும் செட்டிங் இருக்கு அக்கா. ஆனால் இனி எடுக்கும் படத்துக்குத்தான் சரிவரும், போட்டால் அழிக்கவும் ஏலாது. நான் போடவே மாட்டேன்.

பழைய நெகட்டிவ்:
தங்கச்சி, கெட்டது எழுத்தால் இல்லை. படத்தின் அளவைப் பாருங்கோ, 4000×3000 இருந்தது 1600×1200 ஆகியிருக்கும். அப் சுருக்கித்தான் சேமித்திருக்கும். ஜேபெக் ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் கொஞ்சம் இழக்கும், உண்மைதான். ஆனால் முழு அளவில், தரம் 95இல், ஒரே ஒரு முறை சேமித்தால் கண்ணுக்குத் தெரியாது.

அடுத்தது, படத்துக்கு மேலே எழுத வேண்டாம். போன் படம் 4:3, நீங்கள் கழுவப்போகும் 6×4 தாள் 3:2. ஸ்டூடியோவில் அப்படியே கொடுத்தால் மேலும் கீழும் வெட்டுப்படும், மூலையில் போட்ட திகதியும் அதோடு போகும். அதற்குப் பதிலாக 4000×3000 படத்தின் வலப்பக்கம் 500 பிக்சல் வெள்ளைப் பட்டை சேருங்கோ. 4500×3000 ஆகும், தாளுக்கு அச்சாகப் பொருந்தும். நெட்டுப் படம் என்றால் பட்டை கீழே. திகதி அந்தப் பட்டையில் இருக்கட்டும், விளிம்போடு ஒட்டாமல்.

கணினியில் இர்ஃபான்வியூ என்று ஒரு படம் திருத்தும் மென்பொருள் இருக்கு, இலவசம். பல படங்களை ஒரே தடவையில் மாற்றும் பேட்ச் பகுதியில் கான்வஸ் சைஸ் (பட்டை சேர்ப்பது), எழுத்துச் சேர்ப்பது இரண்டும் இருக்கு. படத்துக்குள் ஒளிந்திருக்கும் எக்ஸிஃப் திகதியைத் தானே வாசித்து எழுதும். வெளியீட்டுக்கு வேறு போல்டர் கொடுங்கோ, மூலத்தைத் தொடவே வேண்டாம்.

வெள்ளவத்தைப் பிள்ளை:
அண்ணா, பட்டை வடிவாக வந்தது! ஆனால் இரண்டு சிக்கல். வட்ஸ்அப்பில் வந்த படங்களில் திகதி வெறுமையாக இருக்கு. சித்தப்பா லண்டனில் இருந்து கொண்டுவந்த கமராப் படங்களில் நல்லூர்த் தேரன்று எடுத்தது அதற்கு முந்தின நாள் என்று காட்டுது.

கொட்டாஞ்சேனைத் தம்பி:
வட்ஸ்அப் எக்ஸிஃபை உரித்துவிடும் அக்கா. கோப்பின் பெயரில் 20180716 மாதிரி ஒரு எண் இருக்கும், அது படம் வந்த நாள், எடுத்த நாள் இல்லை. எடுத்தவரிடம் டொக்கியுமென்டாகத் திரும்ப அனுப்பச் சொல்லுங்கோ, அப்படி வந்தால் திகதி அப்படியே இருக்கும்.

பழைய நெகட்டிவ்:
தேருக்கு விடிய 4 மணிக்கே போனீர்களா? ஆகஸ்டில் லண்டன் நமக்கு நாலரை மணித்தியாலம் பின்னால். கமரா மணிக்கூட்டில் முதல்நாள் இரவு 11.30. மணிக்கூட்டை யாரும் மாற்றவில்லை, அவ்வளவுதான். எக்ஸிஃப்டூல் என்று ஒரு இலவசக் கருவி இருக்கு, ஒரு போல்டர் முழுக்க 4 மணி 30 நிமிடம் ஒரே தடவையில் கூட்டிவிடும். மார்கழி, தை மாதப் படங்கள் இருந்தால் வேறாகப் பிரியுங்கோ, அப்போது வித்தியாசம் ஐந்தரை. திகதி திருத்தியபிறகே பட்டை போட வேண்டும், மாறிச் செய்தால் திரும்ப முதலில் இருந்து.

வெள்ளவத்தைப் பிள்ளை:
சித்தப்பாவின் படங்கள் சரியாச்சு. முதலில் பத்துப் படம் மட்டும் கழுவிப் பார்த்தேன். ஸ்டூடியோப் பெடியன் தாளை நிரப்பும் செட்டிங்கில் விட்டதால் இரண்டில் பட்டையின் ஓரம் கொஞ்சம் வெட்டுப்பட்டது. வெட்டாமல் பொருத்தச் சொன்னதும் சரி. வட்ஸ்அப் படங்களில் 23க்கு மட்டும் எடுத்தவர் யாரென்றே தெரியவில்லை. அவற்றில் வெறும் பட்டைதான் விட்டேன். அம்மா மார்க்கர் பேனாவோடு மேசையில் இருக்கிறா. "இது உன்ர பூப்புனித நீராட்டு விழாவுக்கு அடுத்த வருஷம்" என்று எழுதத் தொடங்கிவிட்டா, திகதி கிடையாது.