கூலிங் டவரில் ஹைப்போவை விட்டுவிட்டு குளோரின் டை ஆக்சைடுக்கு மாறலாமா?

குளிர்நீர் எழுதியது:
எங்கள் ஆலையின் கூலிங் டவரில் கிருமிக் கட்டுப்பாட்டுக்குச் சோடியம் ஹைப்போகுளோரைட் (ஹைப்போ) என்ற குளோரின் கரைசலைத்தான் பயன்படுத்தி வருகிறோம். சுற்றிவரும் நீரின் பி.எச். 8.5 அளவில் இருக்கிறது. மூன்று மாதங்களாக டோசிங் பம்பின் வேகத்தை எவ்வளவு கூட்டினாலும், திரும்பி வரும் குழாயில் எச்சக் குளோரின் (வினைபுரிந்தது போக மிஞ்சும் குளோரின்) லிட்டருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டுவதில்லை. அடித்தொட்டியின் சுவரில் விரலை வைத்து இழுத்தால் பழுப்பு நிற வழும்பு நகக்கண்ணில் ஏறிக்கொள்கிறது. குளோரின் டை ஆக்சைடுக்கு மாறிவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். மாறுவது சரிதானா?

படலம் எழுதியது:
தயங்காமல் மாறிவிடுங்கள். ஹைப்போவில் கிருமியைக் கொல்லும் வேலையைப் பெரும்பாலும் செய்வது ஹைப்போகுளோரஸ் அமிலம். பி.எச். 7.5 அளவில் குளோரினில் ஏறத்தாழ பாதி இந்த அமிலமாக இருக்கும், 8.5 ஆகும்போது அது பத்தில் ஒரு பங்காகச் சுருங்கி, மீதி அனைத்தும் வீரியம் குறைந்த ஹைப்போகுளோரைட் அயனியாகிவிடும். ஆக, நீங்கள் வாங்கும் பத்து கேன்களில் ஒன்பது கேன்கள் பெயருக்குத்தான் வேலை செய்கின்றன. குளோரின் டை ஆக்சைடோ நீருடன் வினைபுரிந்து பிரிவதில்லை; கரைந்த வாயுவாகவே இருந்து, இந்தப் பி.எச். எல்லைக்குள் எங்கும் ஒரே வீரியத்துடன் செயல்பட்டு, உயிர்ப்படலத்துக்குள்ளும், அதாவது கிருமிகள் ஒட்டி வளரும் அந்த வழும்புக்குள்ளும், நன்றாக ஊடுருவுகிறது.

பழைய ஆபரேட்டர் எழுதியது:
படலம் அவர்கள் கூறிய வேதியியல் சரியே. ஆனால் "கரைந்த வாயுவாகவே இருக்கிறது" என்பதை நன்மைக் கணக்கில் மட்டும் எழுதிவிட்டார். கூலிங் டவர் என்பது நீரைத் துளித்துளியாக உடைத்து அதன் ஊடாகக் காற்றைச் செலுத்தும் அமைப்பு. கரைந்த வாயுவை நீரிலிருந்து வெளியேற்ற இதைவிடச் சிறந்த கருவியை யாரும் வேண்டுமென்றே வடிவமைக்க முடியாது. தொட்டியில் சேர்த்த குளோரின் டை ஆக்சைடில் கணிசமான பகுதி ஒவ்வொரு சுற்றிலும் காற்றோடு போய்விடும். மேலும், காற்றில் அதன் செறிவு 10 சதவீதத்தை நெருங்கினால் வெடிக்கக்கூடியது என்பதால், அதை அழுத்திச் சிலிண்டரில் அடைத்து அனுப்ப முடியாது. சோடியம் குளோரைட்டிலிருந்து ஆலையிலேயே தயாரிக்க வேண்டும். ஜெனரேட்டர், காற்றோட்டம், கசிவு உணரி, பயிற்சி பெற்ற ஆள் என எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள்.

பி.எச். மட்டுமே சிக்கல் என்றால், ஹைப்போவுடன் சோடியம் புரோமைடையும் சேர்த்துச் செலுத்தினால் போதும். அதிலிருந்து உருவாகும் ஹைப்போபுரோமஸ் அமிலம் பி.எச். 8.5 அளவிலும் பாதிக்கு மேல் பிரியாமல் நிற்கும். பம்பு ஒன்றும் ஒரு சிறு தொட்டியும் கூடுதலாகத் தேவைப்படும், அவ்வளவுதான்.

படலம் எழுதியது:
காற்றோடு போவதை மறுக்கவில்லை. அதனால்தான் தொடர்ச்சியாகச் சிறிது சிறிதாகச் செலுத்தாமல், வெப்பமாற்றிக்குச் சற்று முன்பாகக் குறிப்பிட்ட நேரங்களில் மட்டும் செலுத்துகிறார்கள். புரோமின் மிதக்கும் கிருமிகளைத் தீர்க்கும். ஆனால் ஏற்கெனவே படிந்துவிட்ட வழும்பின் மேற்பரப்பிலேயே வினைபுரிந்து தீர்ந்துபோகும். குளிர்நீர் நகக்கண்ணில் கண்டது மிதக்கும் கிருமியை அல்லவே.

நகர்க்குழாய் எழுதியது:
குடிநீர் வழங்கல் துறையில் பணியாற்றுபவன் என்ற முறையில் ஓர் எச்சரிக்கை. இந்த விவாதத்தைப் படித்துவிட்டு, குடிநீருக்கும் குளோரின் டை ஆக்சைடு ஒன்றே தீர்வு என்று எவரும் முடிவு செய்ய வேண்டாம். சேர்க்கும் குளோரின் டை ஆக்சைடில் பாதிக்கு மேல் குளோரைட் அயனியாக நீரில் தங்கும். உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 0.7 மில்லிகிராம் குளோரைட். ஆகவே எவ்வளவு சேர்க்கலாம் என்பதற்கு மேல்வரம்பு தானாகவே வந்துவிடுகிறது. குளோரினிலும் குறை உண்டு: நீரிலுள்ள கரிமப் பொருள்களோடு அது வினைபுரிந்து டிரைஹாலோமீத்தேன்கள் என்ற தீங்கான சேர்மங்களை உண்டாக்குகிறது என்பது 1974இலேயே வெளிவந்துவிட்டது. ஓசோனுக்கு மாறினால் புரோமைடு உள்ள நீரில் புரோமேட் வரும். தவிர, ஓசோன் குழாய்வழி நெடுகக் காவல் நிற்காது. எதை எடுத்தாலும் ஒரு துணைவிளைபொருளும் கூடவே வரும்.

மருந்தை மாற்றினால் குழாயும் எதிர்வினையாற்றும். வாஷிங்டன் நகரம் 2000ஆம் ஆண்டு குளோரினிலிருந்து குளோரமைனுக்கு (குளோரினும் அமோனியாவும் சேர்ந்த சேர்மம்) மாறிய பின், பழைய ஈயக் குழாய்களின் உட்புறப் படிவம் நிலைகுலைந்து குடிநீரில் ஈயம் ஏறியது. இத்தனைக்கும் அந்த மாற்றம் துணைவிளைபொருளைக் குறைக்கும் நல்ல நோக்கத்தோடு செய்யப்பட்டதுதான்.

பழைய ஆபரேட்டர் எழுதியது:
குளிர்நீர் அவர்களே, முதல் பதிவை மறுபடி படித்தேன். ஓர் இடம் உறுத்துகிறது. பி.எச். உயர்ந்தால் குளோரினின் வீரியம் குறையுமே ஒழிய, குளோரினை நிறத்தால் அளக்கும் டி.பி.டி. சோதனையில் அளவு குறையாது. அந்தச் சோதனை அமிலத்தையும் அயனியையும் சேர்த்தே காட்டும். டோசிங்கைக் கூட்டியும் 0.1இலேயே நிற்கிறது என்றால், ஏதோ ஒன்று குளோரினைத் தின்றுகொண்டிருக்கிறது. தனிக் குளோரினை மட்டும் காட்டும் ஒன்றாம் எண் மாத்திரையைப் போட்டுப் பார்த்த அதே குப்பியில் மூன்றாம் எண் மாத்திரையையும் போட்டு, இரண்டு நிமிடம் விட்டுப் பாருங்கள். நிறம் அடர்ந்தால் அது அமோனியாவோடு கட்டுண்ட குளோரின், அதாவது குளோரமைன். உங்கள் ஆலையில் அமோனியாக் குளிர்சாதனம் ஏதேனும் உண்டா?

குளிர்நீர் எழுதியது:
உண்டு. நீங்கள் கூறியபடியே செய்தேன். ஒன்றாம் மாத்திரையில் இருக்கிறதா இல்லையா என்று கேட்கும்படியான வெளிர் சிவப்பு. மூன்றாம் மாத்திரை கரைந்ததும் குப்பி நன்றாகச் சிவந்துவிட்டது. தனிக் குளோரின் 0.1, கட்டுண்டதையும் சேர்த்து மொத்தம் 2.0. பிறகு அமோனியாவையும் சோதித்தோம்: நைட்ரஜன் கணக்கில் லிட்டருக்கு 2 மில்லிகிராம்.

படலம் எழுதியது:
இது என் வாதத்துக்குத்தான் வலுச் சேர்க்கிறது. ஒரு பங்கு அமோனியா நைட்ரஜனை முறித்துக் கடக்க, அதாவது வினைபுரிந்து முழுதும் தீர்க்க, கணக்குப்படியே 7.6 பங்கு குளோரின் தேவை. உங்கள் நீரில் ஏறத்தாழ 15 மில்லிகிராம் செலவான பிறகுதான் தனிக் குளோரின் தலைகாட்டும், நடைமுறையில் அதற்கும் மேலே ஆகும். குளோரின் டை ஆக்சைடு அமோனியாவைத் தொடவே தொடாது. உரத் தொழிற்சாலைகள் அதை நாடுவதற்கு முதன்மைக் காரணமே இதுதான்.

பழைய ஆபரேட்டர் எழுதியது:
அமோனியா பிறவிக்குணமாகவே உள்ள உரத் தொழிற்சாலையும், எங்கோ ஒரு குழாய் ஓட்டையாகிவிட்ட ஆலையும் ஒன்றல்ல. குளோரின் டை ஆக்சைடு அமோனியாவைத் தொடாது என்பதன் மறுபக்கம், கசிவு கண்ணில் படாமலே தொடரும் என்பது. அமோனியா பித்தளைக் குழாய்களில் தகைவு அரிப்பு விரிசலை (இழுவிசையும் அரிப்பும் சேர்ந்து உண்டாக்கும் வெடிப்பு) உண்டாக்கும். அமோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றும் நைட்ரஜனேற்ற பாக்டீரியாக்களுக்கும் அதுவே உணவு, நீங்கள் வழித்தெடுத்த வழும்பில் அவற்றுக்கும் பங்கு இருக்கலாம். அமோனியா வாயுவை இந்த நீரால் குளிர்வித்துத் திரவமாக்கும் கண்டன்சர்களை ஒவ்வொன்றாகத் தனிமைப்படுத்தி, உள்ளே போகும் நீரிலும் வெளியே வரும் நீரிலும் அமோனியாவை ஒப்பிட்டுப் பாருங்கள்.

குளிர்நீர் எழுதியது:
இரண்டாம் கண்டன்சரில் உள்ளே 1.9, வெளியே 2.6. மற்ற மூன்றிலும் வேறுபாடு இல்லை. இரண்டாவதை நிறுத்தி, நீரை வடித்துவிட்டுப் புதுநீர் ஏற்றிக்கொண்டிருக்கிறோம். ஜெனரேட்டருக்கான கொள்முதல் கோரிக்கையை இப்போதைக்கு மேசையிலேயே வைத்திருக்கிறேன்.

படலம் எழுதியது:
வைத்திருங்கள், கிழித்துவிட வேண்டாம். கசிவு அடைபட்ட பிறகும் பி.எச். 8.5தான், படிந்த வழும்பும் அங்கேயேதான் இருக்கும். இரண்டு வாரம் கழித்துச் சுவரில் விரல் வைத்துப் பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள்.